மதிலுக்குள் ஒரு வீடியோ கால்

கல் அறுக்கும் மெஷின் பார்க்க இத்தாலிக்கு வந்த இடத்தில், இன்று மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊருக்குப் போனேன். குறையே இல்லாத ஊராக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டியதாம்.

மைசூரில், மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே இருக்கும் மனைவிக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"நஞ்சன்கூடு ரோட்டுல நாம வாங்கப்போற வில்லாவும் இப்படித்தான். சுத்தியும் மதில், சத்தமே இருக்காது."

அவள் வழக்கம்போலக் கத்தினாள். "ஏனுங்க, ஒரு துணிகூடக் காயலையே, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

'யாராச்சும் இருக்காங்களா' என்று சாத்திக் கிடந்த வீடுகள் அவள் குரலிலேயே திருப்பிக் கேட்டன.

பதில் சொல்ல அந்தத் தெருவில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கோட்டை வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாகப் புரோக்கரை அழைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அமைதியான வில்லா தேடும் நண்பர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?