விற்றுவிட்ட மாட்டின் பால்

விலை விழுந்தால் உற்பத்தி தானாகக் குறைந்துவிடும், அரசு இதில் தலையிட வேண்டாம் என்று சொல்கிறவரா நீங்கள்? வாழ்க்கையில் ஒரு மாட்டையாவது கறந்திருக்கிறீர்களா?

ஒட்டிலி சாஸ்ட்ரோ கறந்தவள். அமெரிக்காவின் விஸ்கான்சினில், எங்கள் பண்ணைக்கு மேற்கே மேட்டில், கணவன் ரைன்ஹோல்டோடு பத்துப் பன்னிரண்டு மாடுகள் வைத்திருந்தாள். முன்கோபக்காரி. ஞாயிறு பிரசங்கம் நீண்டால் பாதியில் எழுந்து போவாள். பாதிரியார் முறைத்தால், மாட்டுக்கு மடி கனத்துப் போச்சு என்று வாசலிலிருந்து பதில் வரும்.

1932இல் பால் விலை சரிந்தது. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒரு மாடு கூடுதலாகக் கட்டினார்கள். விலை பாதியானால் இரண்டு மடங்கு ஊற்றினால்தானே வீட்டுச் செலவு நடக்கும்? தனி ஒருவனுக்கு அது புத்திசாலித்தனம். ஊரே செய்தால் தற்கொலை. நிலக்கரி விலை போகாவிட்டால் சுரங்கத்தை மூடலாம். மடியை மூட முடியுமா? கறந்த பாலை நாளைக்கு விற்கலாம் என்று வைத்திருக்கவும் முடியாது.

இது நகரத்துப் பால் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். பாட்டிலில் போகும் பாலுக்கு ஒரு விலை, பாலாடைக்கட்டிக்குப் போகும் பாலுக்கு அதில் பாதி. யாருடைய பால் எதற்குப் போனது என்று சொல்வதும் கம்பெனிதான். பால் மிஞ்சிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதி விலை. அதைச் சரிபார்க்க எவனுக்கும் உரிமை இல்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். எல்லோரும் ஆளுக்கு ஒரு மாட்டைக் குறைத்துக்கொள்வது என்று முடிவானது. இலையுதிர்காலத்துக்குள் விலை ஏறாவிட்டால் மொத்த மந்தையையும் கசாப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒட்டிலியின் நிலைமை. கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்யச் சொன்னார் பாதிரியார். கையைத் தூக்கிச் செய்தோம். கடவுள் ஒரு காம்பைக்கூடக் காவல் காக்கவில்லை.

ஒட்டிலி சொன்னபடி செய்தாள். காது கிழிந்த லோட்டே என்ற நல்ல கறவையை மாட்டு வியாபாரியிடம் ஓட்டிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து, கொழுந்தன் எமில் வீட்டுக்கு உருளைக்கிழங்கு விதை வாங்கப் போனாள். அவன் தொழுவத்தில் லோட்டே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்டா எமில், இது யாரு மாடு?"

அவன் வாளியைக் கீழே வைக்கவில்லை. "வியாபாரி மலிவா குடுத்தான் அண்ணி. நான் வாங்கலைன்னா பக்கத்துப் பண்ணை ஷுல்ஸ் வாங்கியிருப்பான்."

"அன்னைக்கு எனக்குப் பக்கத்துல நின்னுதானே கையத் தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாங்க. யாரு குறைச்சா, சொல்லுங்க பாப்போம். நீங்க ஒருத்தர்தான். மூணு பிள்ளைங்க இருக்கு எனக்கு. சத்தியத்தையா ரொட்டியில தடவித் தர்றது?"

அவள் விதையை வாங்காமலே திரும்பினாள். எமில் மேல் வந்த ஆத்திரத்தைவிட, அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற ஆத்திரம் பெரிதாக இருந்தது. மாட்டை விற்றாள், பால் குறையவில்லை. தொழுவம் மட்டும்தான் மாறியது.

கோடையில் மாநில அதிகாரிகள் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை வைத்தார்கள். பாலுக்கு, இதற்குக் குறைத்து வாங்கக் கூடாது என்று, ஒரு கீழ்விலை வைக்கலாமா என்பது கேள்வி. கம்பெனி வக்கீல், விலை ஏறினால் தவிக்கப்போகும் நகரத்துத் தாய்மார்களைப் பற்றியும் பால் குடிக்கும் குழந்தைகளைப் பற்றியும் உருகி உருகிப் பேசினார். நகரத்துத் தாய் ஒருத்தியும் அங்கே இல்லை. பால் வாங்கும் மக்களுக்கென்று போட்ட பெஞ்சில் வக்கீலின் தொப்பிதான் உட்கார்ந்திருந்தது.

பிறகு அவர் ஒட்டிலியிடம் திரும்பினார். "எங்களுக்கே விக்கணும்னு உங்கள யாராவது கட்டாயப்படுத்துறாங்களா அம்மா?"

"ஆமா. என் மாடு கட்டாயப்படுத்துது. சாயங்காலம் கறக்கலைன்னா அதுக்குக் காய்ச்சல் வரும். நீங்க நாளைக்கு வாங்கலாம், அடுத்த வாரம் வாங்கலாம். நான் இன்னைக்கே வித்தாகணும். இதுல எங்கய்யா பேரம்?"

உங்கள் ஆட்களே கூடிப் பேசிப் பாலைக் குறைத்துக்கொள்ளலாமே என்றார் வக்கீல். ஒட்டிலி பின்னால் இருந்த எங்களைப் பார்த்தாள். எமில் தலையைக் குனிந்துகொண்டான்.

"பேசினோம். நான் வித்த மாட்ட என் கொழுந்தனே கறக்குறான். இவங்க யாரும் கெட்டவங்க இல்ல. பசி வந்தா நானும் அதத்தான் செய்வேன். அதனாலதான் சட்டம் கேக்குறேன். அவனையும் கட்டணும், என்னையும் கட்டணும், உங்க கம்பெனி கணக்கையும் தொறந்து பாக்கணும்."

உத்தரவு பனிக்காலம் தொடங்கியபின் வந்தது. பாட்டில் பாலுக்குக் கீழ்விலை உண்டு. எந்தப் பால் எங்கே போனது என்று அரசு ஆள் வந்து பார்ப்பான். அதற்குள் ஒட்டிலியின் மந்தையில் பாதி கசாப்புக்குப் போயிருந்தது. மிச்சத்தை வைத்துத்தான் மறுபடி தொடங்கினாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பெனி மட்டும் உத்தரவை நீக்கச் சொல்லி உடனே மனுப் போட்டது, அதே குழந்தைகளின் பெயரால்.

பாலை வாங்கிக் குடிக்கிறவர்களே, உங்கள் பெயரைச் சொல்லித்தான் இந்தக் கொள்ளை நடக்கிறது. உங்கள் ஊரில் பால் விலை பற்றி விசாரணை நடந்தால் போங்கள். அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். எனக்காக நீ பேசாதே என்று அந்த வக்கீலிடம் எழுந்து நின்று சொல்லுங்கள்.