பேட்டரியின் சிவப்பு மூடி

என் சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு ரப்பர் மூடி தொங்குகிறது. கட்டைவிரல் முனை அளவுதான் இருக்கும். வெயிலில் வெளுத்து இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் ஓட்டும் பள்ளி வேனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கார் பேட்டரியின் பிளஸ் முனை மேல் போடுகிற மூடி அது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது சாவியோடு சேர்ந்து ஆடும். அப்போதெல்லாம் டீச்சரம்மா ஞாபகத்துக்கு வருவார்.

டீச்சரம்மா என் பழைய முதலாளியின் மனைவி. முதலாளிக்குச் செஞ்சியில் அரிசி மில். சென்னையில் யாரோ ஒரு பெரிய மனிதர் பதினைந்து வருடம் ஓட்டிவிட்டு விற்ற வெளிநாட்டுக் காரை ஆசைப்பட்டு வாங்கி வந்தார். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. கண்ணாடி இறங்குவது, கதவு பூட்டுவது, சீட்டு நகர்வது எல்லாம் பட்டன்தான். வெள்ளிக்கிழமை காலையில் நான்கு கதவையும் திறந்து வைத்து, முதலாளி தன் கையால் உள்ளே சாம்பிராணி போடுவார். ஊர்க்கண் அந்த வண்டி மேல்தான் என்பது அவர் நம்பிக்கை. அதனால் வண்டிக்குள் வாரம் முழுவதும் ஒரு புகை வாசனை இருந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காருக்குப் பேட்டரி முன்பக்கம் கிடையாது. பின்சீட்டுக்கு அடியில், வலதுபக்கம் இருந்தது. பழைய பேட்டரி போனபோது அதே அளவில் இங்கே கிடைக்கவில்லை. கடைக்காரர் கொடுத்தது ஒரு விரல்கடை உயரம் அதிகம். சிவப்பு மூடியைப் போட்டுவிட்டுச் சீட்டை அமுக்கினால் கொக்கி மாட்டவில்லை. மூடியை எடுத்ததும் ‘டக்’கென்று உட்கார்ந்துகொண்டது. சீட்டுக்கு அடியில் இரும்பு ஸ்பிரிங் இருக்கிறதே, மூடியில்லாத முனையில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “இது இன்னா வூட்டு கரண்டா? பன்னெண்டு வோல்ட்டு. கைய வச்சா கூட ஒண்ணும் ஆவாது, போபா” என்றார். தொட்டால் அடிக்காத கரண்டு எரிக்கவும் செய்யாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மூடியை முன்பக்கம் ஆஷ்ட்ரேக்குள் போட்டு வைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. எனக்கு யாரிடமும் போய் நின்று பேச வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

ஒரு மாதம் கழித்து டீச்சரம்மா, “ஏதோ தீயிற நாத்தம் வருதுங்க” என்றார். அவர் எப்போதும் பின்னால் இடதுபக்கம்தான் உட்காருவார். வலதுபக்கம் அவருடைய பை இருக்கும். முன்னால் இருந்த முதலாளி திரும்பாமலே, “அது சாம்பிராணி. டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க, மூக்கு மட்டும் இன்னும் டூட்டி பாக்குது” என்றார். டீச்சரம்மா சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. இன்னொரு நாள் முதலாளி இல்லாதபோது, “ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கும்போதுதான் தம்பி வருது. சாம்பிராணிக்கு மேடு பள்ளம் தெரியுமா? உனக்கு வரலையா?” என்று கேட்டார். எனக்கும் வந்தது. தேங்காய் நார் கருகுகிற வாடை. சீட்டுக்குள் அடைத்திருந்ததும் நார்தான். சாம்பிராணியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்ததைப் பார்த்தேன்.

அவலூர்பேட்டையில் ஒரு வளைகாப்பு. முதலாளி முன்பே பைக்கில் போய்விட்டார். அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அவருடைய தங்கையும் டீச்சரம்மாவும் காரில் வந்தார்கள். தங்கை நல்ல கனமான உடம்பு. அவர் வலதுபக்கம் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியது. இன்ஜின் நின்றுவிட்டது. “அண்ணி, சுடுது அண்ணி!” என்று தங்கை கத்தினார். அதற்குள் புகை வந்துவிட்டது.

நான் என் கதவைத் திறந்து குதித்துவிட்டேன். பின்கதவு திறக்கவில்லை. ஓடும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் வண்டி. கரண்டு செத்ததும் பூட்டு பூட்டியபடியே நின்றுவிட்டது. குழந்தைகளுக்கான பூட்டும் போட்டிருந்ததால் உள்ளே கைப்பிடியை இழுத்தும் பயனில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டீச்சரம்மாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. நான் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு கையால் நாத்தனாரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவோரத்தில் இருந்த பூட்டுக் குமிழை நகத்தால் நெம்பித் தூக்கினார். “இப்ப இழு தம்பி!” என்ற குரல் தூரத்திலிருந்து வருவது போலக் கேட்டது. கதவு திறந்தது. நாத்தனாரை முதலில் தள்ளிவிட்டுத்தான் அவர் இறங்கினார். இரண்டு விரல்களில் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து மண்ணை வாரிப் போட்டார்கள். அப்போது நான் செய்ததை இத்தனை வருடத்தில் ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. முன்கதவைத் திறந்து, ஆஷ்ட்ரேயை இழுத்து, அந்தச் சிவப்பு மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டு இருந்த இடத்தில் ஸ்பிரிங் கம்பிகள் மட்டும் நின்றன.

முதலாளி வந்ததும், “ஆர்.சி. புக்கயாவது எடுத்தியாடா?” என்று கேட்டார். டீச்சரம்மாதான், “எங்கள எடுத்தான். அது போதாதா உங்களுக்கு?” என்றார். முதலாளி காரைச் செய்த வெள்ளைக்காரனைத் திட்டினார். பிறகு ஊர்க்கண்ணைத் திட்டினார்.

மறுவாரம் விரலில் கட்டுடன் டீச்சரம்மா மில்லுக்கு வந்தார். “பாக்கெட்டுல போட்டியே, அது இன்னா தம்பி?” என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாத்தம் வருதான்னு கேட்டப்ப வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவர்கிட்ட சண்ட போட்டிருப்பேனே” என்றார். பிறகு மூடியை என் கையிலேயே வைத்தார். “நான் சொல்ல மாட்டேன். நீயே அவர்கிட்ட சொல்லு.”

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு மில்லை விட்டு வேனுக்கு வந்துவிட்டேன். டீச்சரம்மா போன வருடம் இறந்துபோனார். காரியத்தன்று பந்தல் காலியானதும் முதலாளி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாவிக்கொத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் மூடியை விரலால் தள்ளிப் பார்த்தார். “இன்னாடா இது, பாட்டில் மூடியா?” என்றார். நான் ஆமாம் என்றேன்.

இன்று காலையிலும் அது சாவியோடு ஆடியது. வேனில் ஏறும் பிள்ளைகளில் யாராவது மூக்கைச் சுளித்தால்கூட ஓரம் கட்டி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். முதலாளிக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பார். அதனால்தான் இதை அந்தப் பேப்பருக்கு எழுதி அனுப்புகிறேன்.

அது பாட்டில் மூடி இல்லைங்க, முதலாளி.