மூன்றாவது தடவை கூப்பிட்ட குரல்

காட்டுக்குள் யாராவது கூப்பிட்டால் முதல் தடவையும் வாய் திறக்கக் கூடாது, இரண்டாவது தடவையும் கூடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது மனுசக் குரல். விறகுக்குப் போகிற எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் என் வீட்டுக்காரரும் கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் பழக்கத்தை ஒரே ஒரு நாள் வெறுத்தேன்.

கொழும்பில் வேலை செய்கிற மகள் லீவுக்கு வந்தவள், வனப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க இடம் பதிந்துவிட்டாள்.

"நம்ம லயத்து வீட்டுலயே மழை ஒழுகுது. அங்க வேற போயி நனையணுமா?" என்றார் அவர்.

"அங்க ஒழுகுனா கூரை ஏறச் சொல்லி அம்மா ஏசமாட்டாங்க. பேசாம வாங்கப்பா."

எனக்கு அவர் கண்ணை நினைத்துத்தான் பயம். ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதிலும் புரை விழுந்து, ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வெளிச்சம் மங்கினால் வாசற்படிகூட அவருக்குத் தெரியாது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டுதான் மஸ்கெலியாவில் வேன் ஏறினேன்.

பூங்கா வாசலில் இருந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் இரண்டு விசயம் சொன்னார். மிருகங்கள் இருப்பதால் சத்தம் போடக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளம், போகக் கூடாது.

கூடாரம் போடும் இடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மரமெல்லாம் கூனிப்போய், பாசி சடைசடையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டி ஒட்டி இருக்கிற லயத்து வீடுகளில் அடுத்த காம்பராவில் யாராவது இருமினால் நமக்குத் தொண்டை கரகரக்கும். இங்கே ஒரு குருவிச் சத்தம் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது.

பின்னேரம் நான்கு மணி இருக்கும். திருநீறு பூசி, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து அவர் தண்ணீர் எடுக்கக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டார். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இருந்த கூடாரத்தையே காணவில்லை. அவ்வளவு மூடுபனி.

"என்னாங்க..." என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். சத்தம் போடக் கூடாது என்றது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். பதில் இல்லை.

கொஞ்ச நேரத்தில், "ஏ புள்ள" என்று ஒரு குரல் கேட்டது. அவர் குரல்தான். ஆனால் ஓடை இருப்பது வலது பக்கம். குரல் இடது பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து வந்தது. இரண்டாவது தடவை வரட்டும், மூன்றாவது வரட்டும் என்று காத்து நின்றேன். வரவில்லை.

கூடாரத்துக்குள் இருந்த மகள் ஓடி வந்தாள். "அப்பா கூப்புடுறாரு, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க?"

"ஒரு தடவதானே கூப்புட்டுச்சு, பாப்பா."

"கண்ணு தெரியாத மனுசன் எண்ணி எண்ணியா கூப்புடுவாரு?"

அவள் "அப்பா" என்று கத்தினாள். மறுபடியும் கத்தினாள். ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டேன். அவரும் எண்ணிக்கொண்டுதானே நிற்பார்?

"இன்னொரு தடவ கூப்புடு" என்றேன்.

மூன்றாவது தடவை அவள் வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. "இங்கதான் நிக்கிறேன். வாங்க."

வலது பக்கமிருந்து.

கையைக் கோத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டிப் போனோம். கேத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் செருப்புக்கு முன்னால் இரண்டு முழம் புல். அதற்கப்புறம் வெறும் வெள்ளை. கீழே எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம்.

"பனியில ஓடையத் தாண்டுனதே தெரியல. ரெண்டு தடவையோட நிறுத்திட்டியே, புள்ள. அது நீ இல்லன்னு அசையாம நின்னுட்டேன்" என்றார். "உன் கொரல் இந்தப் பக்கந்தான் கேட்டுச்சு." கேத்தலால் பள்ளத்தைக் காட்டினார்.

அம்மா தாயே என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள். "அப்பா, நீங்க ஒரு தடவ அம்மாவக் கூப்பிட்டீங்கதானே?"

"நான் எங்க கூப்புட்டேன்? நீ மூணாவது தடவ கூப்புடுற வரைக்கும் வாயே தொறக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். எப்போதும் துடைத்துவிடுகிறவள், அன்றைக்குத் துடைக்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் தேத்தண்ணி ஊற்றினோம். "பாப்பா, தேத்தண்ணி" என்று கூடாரத்துக்கு வெளியே இருந்து அவர் கூப்பிட்டார். மகள் உள்ளே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழும்பவில்லை. அவர் திரும்பவும் கூப்பிட்டார். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான், "வாறேன்பா" என்றாள்.