ஓடு கழற்றிய செவ்வாய்

வசந்தம் என்ற சொல்லை என் கட்டுரைகளில் தாராளமாகச் செலவழித்திருக்கிறேன். ஆளைத்தான் பார்த்ததில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அதற்கு ஈடாகக் காட்டக்கூடியது ரப்பர் மரம் ஒன்றுதான். பிப்ரவரியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும்; மார்ச்சில் செம்பு நிறத்தில் துளிர்க்கும். நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது தாமான், அதாவது வீடுகள் நிறைந்த குடியிருப்பு, ஆகிவிட்டது. அதன் ஓரத்தில், வெட்ட மறந்துபோன நாலைந்து மரங்கள் மட்டும் இன்றும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. அவை துளிர்த்தால் எங்கள் ஈப்போ நகரில் காற்று திசை மாறுகிறது என்று பொருள். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானத்துக்கு மேல் மிச்சத்தை இடி பார்த்துக்கொள்ளும்.

கிழக்கே பெரிய மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை, நடுவில் கிந்தா ஆறு. இந்தப் பள்ளத்தாக்கில்தான் நாங்கள் இருக்கிறோம். மலைமேல் திரளும் மேகம் எங்கே இறங்கும் என்பது கடைசி நிமிடம்வரை மேகத்துக்கே தெரியாது. தம்புனில் கொட்டித் தீர்க்கும்போது புந்தோங்கில் கொடியில் துணி காயும். இங்கே மழையைப் பற்றி வாக்குக் கொடுப்பது கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று சொல்வதைப் போல. சொல்லலாம், நம்புகிறவர்கள் பசியோடு இருப்பார்கள்.

ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் பதவி என்னிடம்தான் இருந்தது. காலையில் வானிலை அறிவிப்பைப் படித்துவிட்டு, காபியோடு மனைவிக்கு விளக்கவுரை ஆற்றுவேன். "மாலையில் சில இடங்களில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு." பெய்தால் நாங்கள் அந்தச் சில இடம். பெய்யாவிட்டால் மற்ற இடம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறியதில்லை.

சிக்கல் கூரையில் வந்தது. புந்தோங்கில் எங்களுடையது பழைய ஒற்றை மாடி வரிசை வீடு. பின்னறையில் என் மனைவி தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கிறாள். ஓடுகள் விரிசல் விட்டு, சாயங்கால மழைக்கெல்லாம் அந்த அறை ஒழுகத் தொடங்கியது. ஒழுக்கு இடம் மாற மாற அவளும் இயந்திரத்தை இடம் மாற்றினாள். போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் பட்டு ரவிக்கையில் பழுப்பு நீர் சொட்டிக் கறை பிடித்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கிக்கொண்டு போனவர் அதன் பிறகு வரவில்லை. "திட்டியிருந்தாக்கூட தேவல," என்று மனைவி பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சித்திரையில் அவளுக்கு ஒரு மணப்பெண்ணின் ரவிக்கையும் அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாருடைய ரவிக்கைகளும் வந்து சேர்ந்தன. கல்யாணம் அடுத்த வாரம். ஒழுகும் அறையில் தைக்கவும் முடியாது. கல்யாணம் முடியட்டும் என்று கூரையைத் தள்ளிப்போடவும் முடியாது.

கூரை வேலை செய்பவன் தோட்டத்தில் எனக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். வந்து அண்ணாந்து பார்த்தான்.

"ஒரே நாள் வேலைதான் மச்சான். காலையில ஓட்டக் கழட்டிட்டு, சாயங்காலத்துக்குள்ள புதுத் தகரம் போட்டுருவேன். ஆனா அந்த ஒரு நாளு மழ வரக்கூடாது. இடி இடிச்சா நான் மேல நிக்கமாட்டேன் லா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"எந்த நாளு உங்களுக்குத் தோது, அண்ணே?" என்று மனைவி கேட்டாள்.

"செவ்வா, இல்லன்னா வியாழன். செவ்வாக்கிழம நான் எப்பவும் சும்மாதான் இருப்பேன். நம்ம ஆளுங்க யாரு செவ்வாயில வேல ஆரம்பிக்கிறாங்க? மச்சான், நீதான் படிச்சவன். நீ சொல்லு."

என் புகழின் உச்சம் அதுதான். அறிவிப்பைப் பார்த்தேன். செவ்வாய்க்குச் 'சில இடங்களில்' என்றிருந்தது. வியாழனுக்குப் 'பல இடங்களில்'. அதையே வாசித்துக் காட்டி, மலைச்சரிவில் ஈரக் காற்று மேலேறுவதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் மனைவி. "செவ்வாயா, வியாழனா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். வாய்ப்பு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

"செவ்வாய்," என்றேன்.

செவ்வாய் காலை வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மலைத்தொடரின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. கூட்டாளி ஒருவனோடு கூரைக்காரன் ஓடுகளைக் கழற்றி இறக்கினான். கூரையில்லாத வீட்டுக்குள் வெயில் விழுந்தபோது நாங்கள் இத்தனை காலம் எவ்வளவு ஒட்டடையோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று தெரிந்தது. எனக்கு வேலை ஒன்றும் தரவில்லை. வாசலில் நின்ற என் பழைய காரில் சாய்ந்துகொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று ஒருமுறை சொன்னாள். தள்ளி நின்றேன். என் கண் வானத்தில் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மலைத்தொடருக்கு மேல் காலிஃபிளவர் போல ஒரு மேகம் எழுந்தது. அது அங்கேயே இருந்திருக்கலாம். தம்புனுக்குப் போயிருக்கலாம். நான் கிழக்கையே முறைத்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் கிளேடாங் பக்கம் இடித்தது.

முன்பாதிக்குத் தகரம் ஏறியிருந்தது. பின்னறைக்கு இன்னும் ஏறவில்லை. கான்வாஸை இழுத்துக் கட்டிவிட்டு இருவரும் சரசரவென்று இறங்கினார்கள்.

"மச்சான்," என்றான் கூரைக்காரன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "நீ சொன்ன சில இடம் இதுதானா?"

அதற்குள் மழை கல் எறிவது போல விழுந்தது. காற்று கான்வாஸின் ஒரு மூலையைப் பிய்த்தது. எனக்கு அந்த மணப்பெண்ணின் ரவிக்கைதான் நினைவுக்கு வந்தது. அதோடு, ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போன அந்த அம்மாளின் முதுகும். பின்னறைக்கு ஓடினேன். இயந்திரத்தின் மேல் இரண்டு சுற்று பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. அலமாரி காலி. ஒரு நூல்கண்டுகூட இல்லை. காலி அலமாரியைக் காப்பாற்றியபடி நன்றாக நனைந்தேன்.

வெளியே ஹாரன் அடித்தது. காரின் முன்னிருக்கையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்னிருக்கை முழுவதும், மடித்துப் பைக்குள் போட்ட ரவிக்கைகள். காலையிலிருந்து நான் சாய்ந்துகொண்டிருந்த கதவைத் தவிர மற்ற கதவு வழியாகவெல்லாம் ஏற்றியிருக்கிறாள். ஈரத்தோடு உள்ளே ஏறினேன்.

"பின்னாடி சாயாதீங்க. தண்ணி தெறிக்கும்."

அவள் மணப்பெண்ணின் ரவிக்கையை மடியில் வைத்துக் கையால் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"மழை வரும்னு தெரிஞ்சா என்னை எதுக்குக் கேட்ட?"

"எனக்கு எப்படித் தெரியும்? வந்தாலும் வரும்னு ஏத்தி வச்சேன்." நூலைப் பல்லால் கடித்தாள். "கேட்டது அதுக்கில்லைங்க. முடிவு எடுக்கிறதும் நானு, நனையிறதும் நானா? தொணைக்கு ஒரு ஆளு வேணாமா?"

இத்தனை வருட அறிக்கைகளில் எதிலும் அவள் நனைந்தபோது நான் கூடச் சேர்ந்து நனைந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு எப்போதும் மற்ற இடம் ஒன்று கைவசம் இருந்தது. இன்று சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். அவள் பார்த்துச் சிரித்தாள். சேர்ந்து நனைவது அவ்வளவு மோசமாக இல்லை.

"மிச்சத் தகரத்த நாளைக்குத்தான் போடமுடியும்," என்றாள். "நாளைக்கு எப்படி?"

தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்தாலும் திரையில் ஈர விரல் வேலை செய்யாது.

"பெய்யும்," என்றேன். "மத்தியானத்துக்கு மேல கண்டிப்பா பெய்யும்."

"அப்ப விடியக்காலையிலேயே வரச்சொல்லுங்க."

எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் கூரைக்காரன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கார்க் கதவைத் திறந்து மழையில் இறங்கினேன்.