நாற்காலிக்கு அடியில் படித்தவர்

பல் துலக்கி முடித்ததும் என் சகலை பிரஷைக் கொதிக்கிற வெந்நீரில் போடுவார். சோறு வெந்ததா என்று பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பார். இடுக்கியால் எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே ரப்பர் பேண்டும் மாட்டி அலமாரியில் வைப்பார். "இப்ப ஒரு கிருமி உள்ள நுழையட்டும், பாப்போம்!" பிரஷ் வேகும் பாத்திரம் பால் காய்ச்சுவது என்று என் மனைவியின் அக்கா கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டார்.

பல் மருத்துவமனை நாற்காலிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். பாதி நாள் அவற்றுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். பக்கத்து நாற்காலியில் டாக்டர் யாருக்காவது புத்தி சொல்வது காதில் விழும். பல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி விழுந்ததுதான். வேலை முடிந்ததும் தாமே அதில் படுத்து, ஏற்றி இறக்கிச் சோதிப்பார். வாயை மட்டும் இறுக மூடிக்கொள்வார். "பொழைக்கத் தெரிஞ்சவன் இதுல வாயத் திறக்க மாட்டான் சகலை" என்பார். பிறகு அவரே சிரித்துக்கொள்வார். "இருபது வருஷமா இதுலதான் சோறு. ஆனா அந்தச் சின்ன ஊசியப் பாத்தா காலு ரெண்டும் தந்தி அடிக்குது."

பிரஷில் லட்சக்கணக்கில் கிருமி இருக்கும் என்பதும் அப்படிக் காதில் விழுந்ததே. அன்று மாலையே கொதிக்கவைக்கும் வைபவம் தொடங்கியது. எனக்கும் ஒரு டப்பா வாங்கி வந்தார். நான் பட்டம் வாங்கியவன். எதையும் ஆராயாமல் ஏற்கக்கூடாது என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன். மறுநாள் காலை நானும் வெந்நீர் வைத்தேன். வெந்த பிரஷின் நார்கள், தூங்கி எழுந்த என் தலைமுடியைப்போல் நாலா பக்கமும் விரிந்து நின்றன. என் மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பிரஷை எடுத்துப்போய் ஒளித்துவைத்தாள்.

இதற்கிடையே சகலையின் ஈறில் ரத்தம் வந்தது. முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அவர் பிரமாதமாகச் சீட்டியடிப்பார். அடியிலிருந்து சீட்டி கேட்டால் நாற்காலி பிழைத்தது என்று டாக்டர்கள் தெரிந்துகொள்வார்கள். அது நின்றுபோனது. "பல்லு போனா சீட்டியும் போச்சு சகலை. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?" என்று ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார். மனம் இளகி நான் சொன்ன ஆலோசனை இது: "இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வைங்கண்ணே."

அதற்கும் பல் மசியவில்லை. அவர் வேலைக்குப் போகும் இடத்து டாக்டரம்மாவிடமே அவரை இழுத்துக்கொண்டு போனேன். டப்பாவும் கூடவே வந்தது. டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார், முகம் கோணியது.

"ஈரத்தோட மூடி வெச்சா கிருமிக்குக் கொண்டாட்டம்தான். கழுவி, நிமித்தி வெச்சு, காத்தாட விட்டாப் போதும். நாரையும் வேக வெச்சு விரிச்சிட்டீங்க. இதால ஈறோரம் எப்படி சுத்தமாகும்? அழுக்கு தங்கித்தான் இப்படி வீங்கியிருக்கு. அன்னிக்கு ஒருத்தருக்கு இதையெல்லாம் சொன்னேனே, நீங்க கீழதானே இருந்தீங்க?"

"பாதி கேட்டேம்மா" என்றார் சகலை. "அப்புறம் நாந்தான் மோட்டாரப் போட்டுப் பாத்தேன்."

இப்போதே ஈறைச் சுத்தம் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் கையில் வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. சகலை எழுந்து வாசலைப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றேன். அக்கறைதான், ஆனால் அவர் நழுவினால் டாக்டரம்மாவின் பார்வை அடுத்து என் வாய்மேல் விழும் என்ற நடுக்கமும் இருந்தது.

சகலை திரும்பிப் போய் நாற்காலியில் சாய்ந்தார். டாக்டரம்மா விளக்கை இழுத்து, "திறங்க" என்றார். சகலை சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்தார்.