கிளீனர் வீட்டுக்கு முதல் ஜிலேபி

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மும்பையில் தேவ்நார் பக்கம் ஒரு ஷெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு பெங்களூர் வரை போய் வருவார். டிரைவருக்குச் சம்பளம் கூடினால் இனிப்பு முதலில் கிளீனர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தாராவியில் எங்களைப் போன்ற லாரிக்காரக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். ஒரே வண்டியில் உண்டு உறங்குகிறவர்கள், ஒருத்தர் கண் அசந்தால் இரண்டு வீட்டிலும் விளக்கு அணையும்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவர், அடுத்த டிரிப்பிலிருந்து பகார் கூடுகிறது என்றார். சம்பளத்தை இங்கே பகார் என்றுதான் சொல்வோம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டீசலும் டோலும் ஏறிக்கொண்டே போக, டிரைவர் கூலி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. லாரி முதலாளி சேட்டுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். டிரிப் போய் வந்த அசதி என்று விட்டுவிட்டேன்.

அவர் படுத்ததும் ஜிலேபி வாங்கிக்கொண்டு அடுத்த சந்துக்கு ஓடினேன். கிளீனர் என் வீட்டுக்காரரை அண்ணன் என்பான், அதனால் அவன் மனைவிக்கு நான் அக்கா. தோல் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தவளிடம் பொட்டலத்தை நீட்டி, சம்பளம் கூடியிருக்கிறது, முதல் வாய் நீதான் என்றேன். அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மென்று முழுங்கிய பிறகுதான் பேசினாள்.

"கூடுனது எங்க வீட்டுப் பகாருதான், அக்கா. இனிமே கிளீனர் வேண்டாம், ஒத்த ஆளே ஓட்டட்டும்னு சேட்டு சொல்லிட்டாரு. அண்ணன் ஒங்ககிட்ட சொல்லலியா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உள்ளே படுத்திருந்த கிளீனர் எழுந்து வந்து, இப்போது நிறைய இடத்தில் இப்படித்தான் என்றான். கிளீனர் கூலியில் பாதியை டிரைவருக்குக் கொடுத்துவிட்டு மீதியை முதலாளி வைத்துக்கொள்கிறாராம். வெளியே கேட்டால் டிரைவர் சம்பளம் ஏறிவிட்டது என்று பேச்சு. அண்ணன் மேல் தப்பில்லை என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவரை உலுக்கி எழுப்பினேன். ஏன் மறைத்தீர்கள் என்று கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முடியாதுன்னு சொன்னா எனக்கும் சேத்துல்லாடி சேட்டு சீட்டக் கிழிப்பான்."

மறுநாள் சோற்று டப்பாவோடு நானும் ஷெட்டுக்குப் போனேன். அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுக்கப் போனார். இடது பக்கம் திரும்பி, பழக்கத்தில், "வரட்டுமாலே?" என்று கேட்டார். டிரைவர் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்திலிருந்து கிளீனர் இரண்டு தட்டு தட்டினால்தான் அவர் வண்டியை நகர்த்துவார். சத்தம் இல்லை. வண்டி அப்படியே நின்றது.

நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இடது பக்கம் போனேன். ஆள் யாரும் குறுக்கே இல்லை என்று பார்த்துவிட்டு லாரியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். வண்டி ரோட்டுக்கு வந்தது. நான் எடுத்து நீட்டிய டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அங்கிருந்து பெங்களூர் வரை இடது பக்கத்துக்கு ஆள் கிடையாது.