மற்றும் மாணவியர்

லைட்ஹவுஸ் குப்பத்துக் குணசுந்தரிக்கு ஒல்லாந்து அரசாங்கம் ஒரு வீடு எழுதி வைத்திருக்கிறது என்று பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு. அவர்களுடைய முன்னோர் கல்லறையைத் தேய்த்துக் கழுவினாளாம், அந்த நன்றிக்காம். வீட்டோடு ஒரு ஃபிரிட்ஜும் உண்டு என்று சேர்த்து, மீன் வாங்க வந்தவர்கள் பேச்சைப் பொன்னேரி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். விசாரித்துப் பார்த்ததில் வீடு பொய், ஃபிரிட்ஜ் பொய். கல்லறையைக் கழுவியது மட்டும் மெய்.

கழுவ வைத்தது கல்லூரி. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த மகளிர் கல்லூரியில் அவள் எம்.ஏ. வரலாறு படித்தாள். ஆசிரியரும் மாணவியரும் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்த வருஷம் மேலிடத்து உத்தரவு. உத்தரவு வந்துவிட்டால் ஆய்வு தானாக வரும். வரலாற்றுத் துறை ரோசி மேடம் டச்சுக்காலப் பழவேற்காட்டை எடுத்துக்கொண்டார். கூடவே இரண்டு உள்ளூர்ப் பெண்களையும் எடுத்துக்கொண்டார்: குணசுந்தரி ஒருத்தி, ஊருக்குள் பழைய வியாபாரக் குடும்பத்து உம்மு ஹானி இன்னொருத்தி.

சனிக்கிழமைதோறும் மூவரும் டச்சுக் கல்லறைக்குப் போனார்கள். உப்புக்காற்று தின்ற எழுத்து, தேய்த்துக் கழுவியும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. உம்மு ஹானி கைப்பையிலிருந்து முகத்துப் பவுடரை எடுத்துக் கல்லில் கொட்டித் தேய்த்தாள். எழுத்து வெள்ளையாக எழுந்தது, மல்லிகை வாசனையோடு.

"பாரு குணா, செத்து முந்நூறு வருசம் கழிச்சி இவுரு மாப்பிள்ளை ஆயிட்டாரு."

குணசுந்தரி கல்லை அளந்து படம் வரைந்தாள். மேடம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசகத்தைப் பிரித்தார். மத்தியானம் மூவரும் ஒரே டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றார்கள். மழை வந்த ஒருநாள் மேடம் தன் குடையை இந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறினார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் குணசுந்தரியே இன்றைக்கும் சண்டைக்குப் போவாள்.

மூன்று கட்டுரை என்று திட்டம். அச்சான கட்டுரையில் முதல் பெயராக இருந்தால் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்கும், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். குணசுந்தரிக்கு அந்த இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் அப்பா துளசிங்கம் பார்த்து வைத்திருக்கும் ஐஸ் கம்பெனிக் கணக்கு வேலைதான்.

"யார் பேரு முதல்ல வந்தா என்ன, நமக்குள்ள," என்றார் மேடம்.

"முறை வச்சிக்கலாம் மேடம்," என்றாள் குணசுந்தரி.

மேடம் சிரித்துக்கொண்டே, "வச்சிக்கலாமே," என்றார்.

ஏரியில் இறால் நிறைய விழும் இடங்கள் கொஞ்சம். அடித்துக்கொள்ளாமல் இருக்க, சீட்டுப் போட்டு, ஆளுக்கொரு முறையாக அங்கே வலை கட்டுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அவனவன் பாட்டில் அவனவன் வலை. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அந்த ஊரில் பிறந்தவளுக்கு 'வச்சிக்கலாமே' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

முதல் முறையை உம்மு ஹானிக்கு விட்டாள்.

"நிக்காஹ் பத்திரிகைக்கு மின்னாடி வேற ஒண்ணுல எம்பேரு அச்சாவட்டும்டி," என்று அவள் கேட்டிருந்தாள்.

கல்லூரி மலரில் அச்சானது. இரண்டாவது முறை மேடத்துக்கு, சென்னைக் கருத்தரங்கில். மூன்றாவது கட்டுரையை ஒல்லாந்திலிருந்தே ஒரு தொகுப்புக்குக் கேட்டு வாங்கினார்கள். கடைசிப் பாடு கிடைத்தவனுக்கு நல்ல நீரோட்டம் அமைவது உண்டு. குணசுந்தரி ராப்பகலாக உட்கார்ந்து பாதிக்கு மேல் தானே எழுதினாள்.

புத்தகம் வந்தது. கட்டுரையின் தலையில் கல்லூரி முதல்வரம்மா பெயர். அடுத்து ரோசி மேடம். அதன் கீழே 'மற்றும் மாணவியர்'.

"ரெண்டு பேருக்கு மேல போட மாட்டோம்னுட்டாங்கம்மா," என்றார் மேடம். "முதல்வர் பேரைப் போடாம நம்ம காலேஜ்ல எது வெளிய போகும், சொல்லு. எனக்கும் பதவி உயர்வு இந்த வருஷம் விட்டா இல்ல. அடுத்த கட்டுரையில உன் பேருதான் முதல்ல."

"சரிங்க மேடம்," என்றாள். கோபம் வருகிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். வரவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

முனைவர் பட்ட நேர்காணலுக்கும் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டினார்.

"இதுல உங்க பேரு எங்கம்மா?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். "மற்றும் மாணவியர்னு இருக்குதே சார். அதுல பாதி நான்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பெண் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

துளசிங்கம் வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவள் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"ஏன் நைனா, பாடு மாறி வலை போட்டா நம்மூர்ல இன்னா பண்ணுவாங்க?"

"புடிச்ச மீனப் பறிச்சிக்கினு தெண்டம் போடுவாங்க."

"மேடத்துக்கு யாரு போடுறது?"

துளசிங்கம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தம்மா நம்ம பாட்டுல சீட்டு எடுத்துச்சா? பாட்டுலயே இல்லாதவங்கள்ட்ட போயி முறை கேட்டா எப்படிம்மா? அவுங்களுக்கு அது முறைன்னே தெரியாது. சோறு துன்னுட்டுப் படு."

தின்றாள். மீன் ருசியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். எத்தனை பெட்டி போயிற்று என்று கேட்டால் தலை நிமிராமல் சொல்கிறாள். வீடு எழுதி வைத்த கதையை அவளிடமே வந்து விசாரிப்பவர்களிடம், "ஆமா, சாவி இன்னும் வரல," என்கிறாள். நம்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் ரோசி மேடம் போன் செய்தார். ஆய்வு முழுக்க ஆசிரியரும் மாணவியரும் சேர்ந்தே செய்தது என்று மாணவி ஒருத்தி கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரிக்கு அடுத்த திட்டம் கிடைக்குமாம். உம்மு ஹானி கல்யாணமாகிக் காயல்பட்டினம் போய்விட்டாள்.

"ஒரு கையெழுத்துதாம்மா. நீ போடுவேன்னு சொல்லிட்டேன்."

"போடுறேன் மேடம். ஞாயித்துக்கிழமை வரேன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. மேடம் மறுபடி கேட்டார், அவளும் மறுபடி வருகிறேன் என்றாள். மாட்டேன் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்து இன்னும் பாக்கி.